புதுத் தொட்டியில் செர்ரி இறால்: பாலக்காடு, சித்தூர், வாளையார், பொள்ளாச்சி பக்கத்து வீடுகளுக்கான கேள்வி பதில்

முதல்முறை வளர்க்கப் போகிறேன். எந்த இறாலில் தொடங்கலாம்?

செர்ரி இறால். கடையில் சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று தனித்தனிப் பெயரில் விற்பதெல்லாம் பெரும்பாலும் நியோகாரிடினா டேவிடி என்ற ஒரே இனத்தின் நிறவகைகள்தான். வளர்ந்தால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இருக்கும். ஆயுள் ஒன்று முதல் இரண்டு வருடம். நல்ல தண்ணீரிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும், கடல்நீர் தேவையில்லை. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கிறிஸ்டல் இறால் பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு மென்மையான, சற்றே புளிப்பான, 24 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர் வேண்டும். பாலக்காட்டு ஏப்ரலில் குளிரூட்டி இல்லாமல் அது நடக்காது.

நிறங்களைக் கலந்து விடாதீர்கள். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் இரண்டு மூன்று தலைமுறையில் எல்லாம் மங்கிய பழுப்பாகிவிடும்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம், முக்கால் அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி போதும். கணக்குக்கு 24 லிட்டர் வரும். மணலும் செடியும் போக 20 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சிறிய ஐந்து லிட்டர் ஜாடியை முதல் தொட்டியாக வைக்க வேண்டாம். மதிய வெயிலில் அது சீக்கிரம் சூடாகும், ஒரே ஒரு இறால் செத்தாலும் தண்ணீர் கெடும்.

வடிகட்டிக்கு ஸ்பான்ஜ் ஃபில்டரும் ஒரு ஏர் பம்ப்பும். விலையும் குறைவு, குஞ்சுகளை உறிஞ்சாது, அந்த ஸ்பான்ஜின் மேல் வளரும் படலமே இறாலுக்குத் தீனி. ஏற்கெனவே தொங்கும் வகை ஃபில்டர் இருந்தால், உறிஞ்சும் வாயில் நுண்துளை ஸ்பான்ஜை மாட்டுங்கள். அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மணல் அல்லது பொடிக்கல். கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரின் கடினத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். இத்துடன் ஒரு தெர்மாமீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர், அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி. செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பரிசோதனைப் பெட்டியில்தான் குறைக்கிறார்கள். விளக்கில் குறையுங்கள், இதில் வேண்டாம்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகுமா?

எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. மலைப் பக்கம் ஒன்று, கிழக்கே சமவெளியில் வேறொன்று. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் தாதுச் சத்து மிகக் குறைவு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பெரும்பாலும் உப்புத்தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

செர்ரி இறாலுக்கு ஏற்றது இது: புளிப்பு, காரத்தைக் காட்டும் பி.எச். 6.5 முதல் 8 வரை, ஜி.எச். என்ற மொத்தக் கடினம் 6 முதல் 10 வரை, கே.எச். என்ற கார்பனேட் கடினம் 2 முதல் 8 வரை, டி.டி.எஸ். 150 முதல் 300 வரை. தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டில் கடினத்தை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் எழுதியிருப்பார்கள். அதை 17.8 ஆல் வகுத்தால் ஜி.எச். கிடைக்கும். சீட்டில் 420 என்று இருந்தால் ஜி.எச். 23.6. அப்படியே விட்டால் அதிகம். ஒரு பங்கு கிணற்று நீருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. நீர் கலந்தால் 140, அதாவது ஜி.எச். 8 அளவில் வந்து நிற்கும்.

தண்ணீர் மிக மென்மையாக இருந்தால் வேறு வழி. இறாலுக்கான ஜி.எச். உப்பு கடையில் கிடைக்கிறது. வாளியில் கரைத்து, டி.டி.எஸ். பார்த்துச் சேர்க்கலாம். நன்றாகக் கழுவிக் காயவைத்த கணவாய் மீன் ஓட்டுத் துண்டு ஒன்றை ஃபில்டர் அருகில் போட்டுவைத்தாலும் மெல்லக் கரைந்து சுண்ணாம்புச் சத்து தரும். இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றும்; சுண்ணாம்பு இல்லாத நீரில் அதன் புது ஓடு கெட்டிப்படாது. "சுத்தமான தண்ணீர்" என்று வெறும் ஆர்.ஓ. நீரையோ மழைநீரையோ மட்டும் ஊற்றுவது ஆபத்தாவது அதனால்தான்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வீட்டுக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. போட்டு ஒரு வாரத்துக்கு அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். மற்ற நாளில் வாளியில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு முழு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் குளோரின் நீக்கியைப் புட்டியில் சொன்ன அளவில் விடுங்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. நாளை இறால் விடலாமா?

கூடாது. இந்தக் கேள்வி பதிலில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். தெளிவு இரண்டு நாளில் வந்துவிடும். தொட்டி பழக ஆறு வாரம் ஆகும்.

இறாலின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா ஆகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் இறாலுக்கு விஷம். மூன்றாவது லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் தொந்தரவு இல்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா கிடையாது. அதை வளர்த்தெடுப்பதைத்தான் டேங்க் சைக்கிள் என்கிறார்கள். உப்புத்தண்ணீர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். சூடும் அதைக் கூட்டும்.

செய்முறை எளிது. மணல், செடி, ஃபில்டர் எல்லாம் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பரிசோதியுங்கள். அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் இறங்கும். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்ட வேண்டும். நம் வெயிலில் இது நான்கு வாரத்தில் முடியலாம். நன்றாக ஓடும் தொட்டியின் பழைய ஸ்பான்ஜ் கிடைத்தால் இன்னும் சீக்கிரம். அந்தத் தொட்டியில் இறால் குஞ்சைப் பிடிக்கும் ஹைட்ரா என்ற சிற்றுயிரும் தட்டைப்புழுவும் இல்லை என்று பார்த்து வாங்குங்கள்.

பூஜ்யம் வந்த பின்னும் இரண்டு வாரம் பொறுங்கள். இறால் நாள் முழுக்கச் சுரண்டித் தின்பது கண்ணாடி, இலை, கட்டை மேல் படியும் வழுவழுப்பான படலத்தைத்தான். கண்ணாடியை விரலால் தடவினால் வழுக்க வேண்டும், பின்பக்கம் இளம்பச்சை பிடித்திருக்க வேண்டும். குஞ்சுகளுக்கு இந்தப் படலம்தான் முக்கியத் தீனி. அதைத் தேய்த்துக் கழுவாதீர்கள்.

செடி கட்டாயமா? எங்கிருந்து எடுப்பது?

கட்டாயம் என்றே சொல்வோம். ஜாவா பாசி ஒரு கைப்பிடி இருந்தால் குஞ்சுகள் ஒளியவும் மேயவும் இடமாகும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வேலம்பாசி எல்லாம் குறைந்த வெளிச்சத்தில் வரும். உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும், கெடுதலில்லை; இலை மட்கும்போது அதன் மேல் நல்ல படலம் பிடிக்கும்.

வயல் வாய்க்காலில் இருந்து செடி எடுக்க வேண்டாம். பாலக்காட்டு நெல்வயலில் அடிக்கும் பூச்சிமருந்து இலையில் ஒட்டி வரும். தும்பியின் இளம்புழுவும் வரும், அது இறாலை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். கடையில் வாங்கிய செடியையும் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றிய பிறகே தொட்டியில் நடுங்கள்.

எந்த மாதத்தில் விடுவது நல்லது?

ஏப்ரல் இறுதியில் தொட்டியை அமைத்துச் சைக்கிள் ஓட்டுங்கள். சூட்டில் பாக்டீரியா வேகமாக வளரும். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை பிடித்து, தொட்டி 26, 27 டிகிரிக்கு இறங்கிய பிறகு இறால் வாங்குங்கள். மார்ச், ஏப்ரலில் வாங்கினால் பயணத்தின் களைப்பும் கோடைச் சூடும் ஒரே நேரத்தில் தாக்கும்.

செர்ரி இறாலுக்கு 22 முதல் 26 டிகிரி சுகம். 29 வரை தாங்கும். 31, 32 தொடர்ந்து நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, முட்டை உதிர்ந்து, பிறகு சாவு தொடங்கும். கோடையில் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்மட்டத்தின் மேல் படும்படி ஒரு சிறு மின்விசிறி வையுங்கள்; நீர் ஆவியாகும்போது 2 முதல் 4 டிகிரி குறையும். ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடுவது தவறு. ஒரு மணி நேரத்தில் நான்கைந்து டிகிரி ஏறி இறங்குவது, நிலையான 29 டிகிரியைவிடக் கெடுதல். தொட்டியை மேற்குச் சுவரிலும் ஓட்டுக் கூரைக்கு அருகிலும் வைக்காதீர்கள்.

எத்தனை வாங்கலாம்? கடையில் என்ன கேட்க வேண்டும்?

20 லிட்டருக்குப் பத்து முதல் பதினைந்து. பெரியவை வேண்டாம், ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் இளசுகளாகக் கேளுங்கள். அவை புதுத் தண்ணீருக்குச் சீக்கிரம் பழகும், பத்தில் ஆணும் பெண்ணும் கலந்தே இருக்கும். சுறுசுறுப்பாகச் சுரண்டிக்கொண்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உடம்புச் சதை பால்போல வெளுத்ததையும், வயிற்றடியில் பச்சைப் பஞ்சு தொங்குவதையும் வாங்காதீர்கள்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "உங்கள் தொட்டியின் டி.டி.எஸ். எவ்வளவு?" கோவையில் வாங்கினாலும், சென்னை கொளத்தூரில் இருந்து பார்சலில் வரவழைத்தாலும் இதைக் கேளுங்கள். விடை உங்கள் தொட்டியில் இருந்து 50-க்குள் வேறுபட்டால் நிம்மதி. 200 வேறுபட்டால் கீழே சொல்வதை மிகப் பொறுமையாகச் செய்யுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. எப்படி விடுவது?

சொட்டுச் சொட்டாகப் பழக்குவதுதான் முறை. பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள், சூடு சமமாகும். பிறகு பைத் தண்ணீரோடு இறாலைச் சோப்புப் படாத ஒரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். பாத்திரத்தைத் தொட்டியைவிடத் தாழ்வாக வையுங்கள். ஏர் டியூபின் ஒரு முனையைத் தொட்டியில் இட்டு, மறுமுனையை உறிஞ்சி ஓட்டம் வந்ததும், டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்குங்கள். விநாடிக்கு இரண்டு சொட்டு.

அந்த வேகத்தில் மணிக்கு சுமார் 350 மில்லி சேரும். பையில் அரை லிட்டர் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். பாதியைக் கொட்டிவிட்டு, முடிச்சைச் சற்றுத் தளர்த்தி விநாடிக்கு நான்கு சொட்டு ஆக்குங்கள். இன்னும் முக்கால் மணி நேரத்தில் மறுபடி இரண்டு மடங்கு. இப்போது பாத்திரத்தில் முக்கால் பங்கு உங்கள் தொட்டித் தண்ணீர். டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள். தொட்டிக்கும் இதற்கும் 20, 30 தான் வித்தியாசம் என்றால் போதும். இல்லையென்றால் இன்னொரு சுற்று.

பிறகு மென்வலையில் அள்ளித் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. அதில் அம்மோனியாவும், கடைத் தொட்டியின் மருந்தும் புழுவும் இருக்கலாம். அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு நாள் பயணித்து வந்த பார்சலில், மூடிய பைக்குள் கரியமில வாயு நிறைந்து பி.எச். தாழ்ந்திருக்கும், அதனால் அம்மோனியா விஷம் காட்டாமல் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறி, அது விஷமாக மாறத் தொடங்கும். அப்படி வந்ததை மூன்று மணி நேரம் இழுக்காமல், வேகச் சொட்டில் முக்கால் மணி நேரத்தில் முடித்து விட்டுவிடுங்கள்.

ஒன்றையும் காணோம். இருந்தவையும் வெளிறிவிட்டன.

இயல்புதான். இரண்டு மூன்று நாள் பாசிக்குள் ஒளியும், பயத்தில் நிறம் மங்கும். அடியில் கருமணல் இருந்தால் நிறம் விரைவில் திரும்பும். எல்லாமே நீர்மட்டத்துக்கு ஏறி, டியூபைப் பிடித்துத் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். உடனே அம்மோனியாவையும் சூட்டையும் பாருங்கள்.

அடியில் ஒன்று செத்துக் கிடக்கிறதா, ஓடு கழற்றியதா?

கழற்றிய ஓடு கண்ணாடித் தாள்போல வெறுமையாக, கழுத்துக்குப் பின்னால் பிளந்திருக்கும். செத்த இறால் வேகவைத்ததுபோல இளஞ்சிவப்பாகி ஒளி ஊடுருவாமல் இருக்கும். செத்ததை உடனே எடுங்கள். ஓட்டை எடுக்காதீர்கள், சுண்ணாம்புச் சத்துக்காக மற்றவை அதைத் தின்னும்.

என்ன தீனி, எவ்வளவு?

முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை போதும். பத்து இறாலுக்கு ஒரு மிளகளவு இறால் தீனி. மாற்றுக்கு, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்ட முருங்கையிலை இரண்டு மூன்று, பசலைக்கீரை இலை பாதி, அல்லது பூசணிக்காய் வில்லை ஒன்று. பூச்சிமருந்து படாத, வீட்டுக் கொல்லையில் பறித்ததாக இருந்தால் நல்லது. மூன்று மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். மிஞ்சிய தீனிதான் வெள்ளைத் தட்டைப்புழுவை வளர்க்கிறது. பட்டினியால் சாகும் இறாலைவிட, அதிகத் தீனியால் கெட்ட தண்ணீரில் சாகும் இறால்தான் அதிகம்.

தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும்?

வாரத்துக்கு 2 லிட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு. புதுத் தண்ணீரின் சூடும் டி.டி.எஸ்.ஸும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். அதையும் டியூபில் மெல்ல இறக்குங்கள். பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் இறால் நேரமாகும் முன்பே ஓடு கழற்ற முயலும். கழுத்தில் வெள்ளை வளையம் விழுந்து, ஓடு பாதியில் சிக்கிச் சாகும்.

ஆவியாகிப் போனதை நிரப்புவது வேறு கணக்கு. நவம்பர் முதல் ஜனவரி வரை பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கே இருந்து உலர்காற்று வீசும். மூடாத தொட்டியில் நீர்மட்டம் வேகமாக இறங்கும். நீர்தான் போகும், உப்பு போகாது. வாரம் 2 லிட்டர் இறங்கி, அதை டி.டி.எஸ். 400 உள்ள தண்ணீரால் நிரப்பினால் 20 லிட்டர் தொட்டியில் வாரத்துக்கு 40 ஏறும். ஒரு மாதத்தில் 160. ஆகவே நிரப்புவதற்கு ஆர்.ஓ. நீர் மட்டும்.

வீட்டில் எதெல்லாம் இறாலுக்கு விஷம்?

செம்பும் பூச்சிமருந்தும். மீன் மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. லேபிளில் காப்பர் என்று இருந்தால் தொடாதீர்கள். மழைக்கு முன் பாக்குத் தோப்பில் போர்டோ கலவை அடிப்பார்கள். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும், அதாவது செம்பு. நம் மலையாள வழக்கில் துரிசு. அது கரைத்த வாளி, குடம், தெளிப்பான் எதையும் தொட்டி வேலைக்கு எடுக்க வேண்டாம். தோப்பு ஓரக் கிணறாக இருந்தால் மருந்து அடித்த பின் வரும் முதல் மழைகளில் வேறு தண்ணீர் பயன்படுத்துங்கள்.

கொசுவத்தி, திரவக் கொசுவிரட்டி, கரப்பான் ஸ்ப்ரே, எறும்பு சாக் எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. மனிதருக்குச் சிறிதளவு, இறாலுக்கு அதுவே மரணம். ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை மறக்காதீர்கள். அந்த அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். டெங்கு காலத்தில் மேல்தொட்டியில் கொசுப்புழு மருந்து விட்டிருந்தால், அந்த மேல்தொட்டியைக் காலி செய்து கழுவி நிரப்பும் வரை அந்தத் தண்ணீர் இறாலுக்கு ஆகாது.

ஒவ்வொன்றாகச் சாகிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த நாளில் சாகிறது என்று பாருங்கள். முதல் இரண்டு நாளில் என்றால் குளோரின், செம்பு, அல்லது அவசரமாக விட்டது. நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் என்றால் தொட்டி சைக்கிள் ஆகவில்லை, அல்லது ஓடு கழற்ற முடியவில்லை; அம்மோனியா, நைட்ரைட், ஜி.எச். மூன்றையும் பாருங்கள். ஒரு மாதம் நன்றாக இருந்து பிறகு என்றால் சூடு, ஏறிப்போன டி.டி.எஸ்., அதிகத் தீனி. ஒரே இரவில் எல்லாமே செத்தால் பூச்சிமருந்து அல்லது ஆக்சிஜன்.

காரணம் தெரியும் முன் மருந்து எதையும் ஊற்றாதீர்கள். 2 லிட்டர் மாற்றி, ஏர் பம்ப்பைக் கூட்டி, தீனியை நிறுத்திவிட்டுப் பரிசோதியுங்கள்.

கரண்ட் போனால்?

ஒரு மணி நேரம் பிரச்சினையில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள் முழுக்கப் போவது உண்டு என்பதால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். பல மணி நேரம் நின்றுபோன ஸ்பான்ஜை, திரும்ப ஓடவிடும் முன் தொட்டித் தண்ணீரில் பிழிந்து அலசுங்கள். குழாய் நீரில் அலசினால் பாக்டீரியா சாகும்.

கப்பி மீன் சேர்க்கலாமா? ஆற்றில் பிடித்த இறாலை விடலாமா?

கப்பி பெரிய இறாலை விட்டுவிடும், குஞ்சுகளைத் தின்றுவிடும். ஃபைட்டர் மீன் கூடவே கூடாது. சிறு நத்தைகள் இருக்கலாம். ஆற்றில் பிடிபடும் பெரிய இறாலான ஆற்றுக்கொஞ்சு நீண்ட இடுக்கியுள்ள வேட்டைக்காரன், செர்ரி இறாலைப் பிடித்துத் தின்னும்.

பெண் இறாலின் வயிற்றடியில் மஞ்சள் மணிகள் தெரிகின்றன.

முட்டை. இருபது, முப்பது இருக்கும். வாலடிக் கால்களால் விசிறிக்கொண்டே இருக்கும். சூட்டைப் பொறுத்து மூன்று நான்கு வாரத்தில் இரண்டு மில்லிமீட்டர் குஞ்சுகள், பெரியவற்றின் அச்சாகவே வெளிவரும். தனியாகப் பிரிக்க வேண்டாம். அந்த நாட்களில் மணலை உறிஞ்சிச் சுத்தம் செய்வதை நிறுத்துங்கள்.

நூறு இருநூறு ஆகிவிட்டது. மிஞ்சியதை வாய்க்காலில் விடலாமா?

விடவே கூடாது. இது கிழக்காசியாவில் இருந்து வந்த இனம். நம் ஆறுகளிலும் குளங்களிலும் நம்முடைய சிற்றிறால்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்தது அவற்றின் இடத்தைப் பிடிக்கும், நோயும் கொண்டுபோகும். ஆப்பிரிக்கப் பாயல் கேரளத்து நீர்நிலைகளை எப்படி மூடியது என்பதைப் பார்த்தவர்கள் நாம். மிஞ்சியதை மீன் கடையில் கொடுத்துத் தீனிக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது சைக்கிள் ஆன தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குப் பத்துப் பத்தாகக் கொடுக்கலாம். கொடுக்கும்போது உங்கள் தொட்டியின் டி.டி.எஸ். எண்ணைப் பையின் மேல் எழுதிக் கொடுங்கள். தொட்டி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள். குஞ்சு ஏதும் கலந்திருந்தாலும் வாய்க்காலுக்குப் போகாது, மரத்துக்கும் உரமாகும்.